கேள்வி-பதில்: சேலத்து சிம் கடல் தாண்டும்போது

மாம்பழ சீசனும் மகள் பிரசவத்துக்கு விமானம் ஏறும் சீசனும் சேலத்தில் ஒன்றாகவே வரும் போலிருக்கிறது. இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் சிம் கார்டு கடிதங்கள். மிக்ஸி, மெத்தை, வாட்டர் ஃபில்டர் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒருவர் பதினொரு பக்கம் எழுதியிருந்தார். அதில் எட்டுப் பக்கம் மருமகளைப் பற்றி.

கொலுசு ஆர்டர் விஷயமாக வருடத்துக்கு இரண்டு முறை கோலாலம்பூர் போகிறேன். ஐந்து நாள்தான். இங்கிருந்தே ரோமிங் பேக் (ஊர் சிம்மே அங்கேயும் வேலை செய்வதற்கான ரீசார்ஜ்) போடுவதா, அங்கே போய் சிம் வாங்குவதா?
– வெள்ளி வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

ஐந்து நாள், அதுவும் வியாபாரம் என்றால் ரோமிங் பேக். காசு கொஞ்சம் கூடத்தான். ஆனால் பட்டறையிலிருந்து உங்கள் பழைய எண்ணுக்குத்தானே கூப்பிடுவார்கள்?

பத்து நாளுக்கு மேல் தங்கினால் கணக்கு மாறும். அங்கேயே ஒரு சிம் வாங்கி இணையத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேலத்து சிம்மைக் கழற்ற வேண்டாம். ரோமிங் உயிரோடு இருக்கட்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வந்து விழும். வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு வழக்கமாகக் காசு கிடையாது. வரும் அழைப்பை எடுத்தால் உண்டு. புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் ‘எண்ணை மாற்றவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய எண்ணிலேயே ஓடும்.

இன்னொன்று. பேக் ‘ஒரு நாள்’ என்றால் எந்த நாள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இருபத்துநாலு மணி நேரமா, நள்ளிரவோடு முடியுமா, எந்த ஊர் நள்ளிரவு? மலேசியாக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

பேக் எதுவும் போடாமல் சிங்கப்பூர் போனேன். நான் யாரையும் கூப்பிடவில்லை, வந்த அழைப்புகளை மட்டும் எடுத்தேன். அதற்கும் பேலன்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். இது பகல் கொள்ளை இல்லையா?
– அழகாபுரம்

உங்களைக் கூப்பிட்ட மச்சான் சிங்கப்பூருக்குப் பேசவில்லை. அழகாபுரத்திலிருந்து அழகாபுரத்துக்குப் பேசுகிறோம் என்றுதான் அவர் நினைப்பு, அவரிடம் பிடித்ததும் அந்தக் காசுதான். அங்கிருந்து சிங்கப்பூர் வரை அழைப்பைத் தூக்கிக்கொண்டு போன கூலி உங்கள் தலையில். கட்டணம் அதிகம் என்று திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். கொள்ளை என்று மட்டும் சொல்ல முடியாது.

மகள் பிரசவத்துக்காக சிங்கப்பூர் கிளம்பினேன். பேருந்து நிலையம் பக்கம் ஒரு செல்போன் கடையில், ‘இறங்கியதும் வேலை செய்யும்’ என்று 1,600 ரூபாய்க்கு சிங்கப்பூர் சிம் கொடுத்தார்கள். சாங்கியில் இறங்கிப் போட்டால் ‘சேவை இல்லை’. மருமகன் தேடிக் கண்டுபிடிக்கும் வரை ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு தூண் பக்கத்தில் நின்றேன். திரும்பி வந்து கேட்டால், ‘அங்கே போய்க் கெட்டதுக்கு நாங்க என்னம்மா பண்றது?’ என்கிறார்கள். பில் தரவில்லை.
– ஓய்வு பெற்ற ஆசிரியை, அம்மாப்பேட்டை

அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் அனுப்பிய உறையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உறையின் வாயை ஒரு தடவை கிழித்து, மறுபடி ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறார்கள். சிம்மைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் அட்டை மூலையில் ஒடிந்திருக்கிறது, அதன்மேல் செலோடேப். யாரோ பயன்படுத்திவிட்டுப் போட்ட சிம் அது. சிங்கப்பூரில் ப்ரீபெய்டு சிம்மை பாஸ்போர்ட் காட்டி அவரவர் பெயரில் பதிய வேண்டும். ஒருவருக்கு மூன்றுக்கு மேல் கிடையாது. வெளிநாட்டு சிம்மை இங்கே விற்பதற்கும் தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும், வாங்குபவரின் பாஸ்போர்ட் நகலையும் வாங்கி வைக்க வேண்டும். உங்களிடம் கேட்டார்களா? இல்லை. அங்கேயே தெரிந்துவிட்டது கதை.

விடாதீர்கள். நடந்ததைத் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதி, பதினைந்து நாளில் பணம் வேண்டும் என்று கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதியுங்கள். அசையவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளை மேய்த்த உங்களுக்கு வக்கீல் எதற்கு? பில் தராததைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜிபேயில் கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தத் திரையே சாட்சி. பில் தராமல் விற்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். அதையும் புகாரில் தனி வரியாக எழுதுங்கள்.

பேத்தியா பேரனா, அதை எழுதவில்லையே?

விமானத்தில் கழற்றிய ஊர் சிம்மை எங்கே வைப்பது? போன முறை தொலைத்துவிட்டேன்.
– நாலு ரோடு

பாஸ்போர்ட்டின் பின் அட்டையில், செலோடேப் போட்டு. சில்லறைப் பர்ஸில் அல்ல.

வெளிநாட்டிலிருந்து வீட்டு எண்ணை அழுத்தினால் போகவே இல்லை. போன் பழுதா?
– சூரமங்கலம்

போன் நன்றாக இருக்கிறது. +91 சேர்த்து எண்களைச் சேமியுங்கள். பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் + வரும்.

மெல்போர்னில் மகன் வீட்டில் ஐந்து மாதம் இருக்கப் போகிறோம். எனக்கு ஸ்மார்ட்போன், வீட்டுக்காரருக்குப் பழைய பட்டன் போன். அது அங்கே எடுக்குமா? ஊர் எண்களை எப்படிக் காப்பாற்றுவது?
– அஸ்தம்பட்டி

பட்டன் போனை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். ஆஸ்திரேலியாவில் 2ஜி போய் வருடங்கள் ஆகின்றன. 3ஜியையும் 2024 அக்டோபரில் மூடிவிட்டார்கள். அந்த ஊர் அவசர எண் 000-ஐ 4ஜி வழியாக அழைக்கத் தெரியாத போன்களுக்கு அங்கே இணைப்பே தரக்கூடாது என்று விதி. ஸ்மார்ட்போனிலும் வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, இருக்கிறதா என்று மகனிடம் மாடல் எண்ணைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கப்பூர் போகிறவர்களுக்கும் இதே பாட்டுதான். அங்கே 2ஜி 2017-லேயே போய்ச் சேர்ந்தது.

இனி ஊர் எண். இங்கே எனக்கு ஒரு பழைய புண் இருக்கிறது, கிளறிவிட்டீர்கள். காலண்டரில் இருபத்தெட்டு நாள் மாதம் ஒன்றே ஒன்று. செல்போன் நிறுவனங்களுக்கு மட்டும் சித்திரையும் பிப்ரவரி, ஐப்பசியும் பிப்ரவரி. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. நமக்குப் பென்ஷன் வருவது பன்னிரண்டு முறை, அவர்களுக்கு நாம் அழுவது பதின்மூன்று முறை. பால்காரர் இப்படிக் கணக்குப் பார்த்தால் விடுவோமா? வீட்டு ஓனர் வருடத்துக்குப் பதின்மூன்று வாடகை கேட்டால் தெருவே கூடிவிடாதா? 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு உத்தரவு போட்டது: ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றாவது, மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும். போய்க் கேட்டுப் பாருங்கள். நான் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டேன். அந்தத் தம்பி திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார், கழுத்தைச் சொறிந்தார், கடைசியில் ‘இதைப் போட்டுக்கங்க சார், எல்லாரும் இதான் போடறாங்க’ என்று இருபத்தெட்டையே நீட்டினார். போட்டுக்கொண்டுதான் வந்தேன். திட்டி எழுதுகிறவனுக்கும் அன்றைக்கு அவசரம்.

உங்களுக்கு உதவுவது அடுத்த உத்தரவு. 2024 டிசம்பரில், டேட்டாவைக் கட்டித் தலையில் கட்டாமல், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் தரவேண்டும் என்றார்கள். அப்படிப்பட்ட ரீசார்ஜுகளின் காலத்தையும் 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டலாம் என்றார்கள். அந்த வகையில் ஐந்து மாதத்தைத் தாண்டி நிற்கும் ஒன்றை இரண்டு எண்ணுக்கும் போட்டுவிட்டு, ரோமிங்கையும் இங்கே இருக்கும்போதே செயல்படுத்திவிட்டுக் கிளம்புங்கள். 90 நாள் பயன்பாடே இல்லாத எண்ணைத்தான் துண்டிக்கலாம், பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நீட்டிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். எண் உயிரோடு இருப்பது வேறு, அதில் ஓடிபி வருவது வேறு.

துபாயில் ஏழு மாதம் வேலை. ஊர் சிம் மேசை டிராயரில் இருந்தது. வந்து பார்த்தால் என் எண்ணில் வேறு யாரோ பேசுகிறார், திருச்சிக்காரராம். நாலு முறை சண்டை போட்டும் எண்ணைத் தர மறுக்கிறார். எப்படித் திரும்ப வாங்குவது?
– சூரமங்கலம்

வாங்க முடியாது. அவர் காசு கொடுத்து, ஆதார் காட்டி வாங்கிய எண் அது.

தம்பி, ஏழு மாதத்தில் ஒரே ஒரு ரீசார்ஜ், அதுவும் துபாயிலிருந்தே போனில் போட்டிருக்கலாம். போகட்டும். இன்றைக்கே வங்கிக் கிளைக்கு நேரில் போய் எண்ணை மாற்றுங்கள். அடுத்து ஆதார் சேவை மையம், அப்புறம் சமையல் கேஸ், வருமான வரிக் கணக்கு, மின்னஞ்சல். அது முடியும் வரை உங்கள் வங்கியின் ஓடிபி எல்லாம் அந்தத் திருச்சிக்காரர் சட்டைப் பையில்தான் விழும். அவரிடம் ஐந்தாவது முறை பேசும்போது ‘அண்ணே’ என்று ஆரம்பியுங்கள்.

நாகலூர் பக்கம் காபித் தோட்டம். தாய்லாந்து பயணத்துக்கு இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கும் சிம்) வாங்கினேன். தோட்டத்தில் சிக்னல் கிடையாது, பாங்காக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அங்கே இணையம் இல்லாமல் அது ஏறவே இல்லை. பணம் போனதுதானா?
– ஏற்காடு

இன்னும் ஏற்றவே இல்லை, காலமும் முடியவில்லை என்றால் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பலர் தருகிறார்கள்.

இ-சிம்மை இறக்க இணையம் வேண்டும். இணையம் வேண்டித்தான் இ-சிம் வாங்குகிறோம். இந்தச் சிக்கலை வீட்டில் இருக்கும்போதே அவிழ்த்துவிட வேண்டும். ஏற்காடு ஒண்டிக்கடை வரை வந்தாலே சிக்னல் இருக்கிறதே? இ-சிம்மை ஏற்றும் க்யூஆர் கோடு உங்கள் போன் மின்னஞ்சலிலேயே இருந்தால் அதே போன் கேமரா அதை எப்படிப் பார்க்கும் என்பதையும் யோசியுங்கள். காகிதத்தில் ஒரு பிரதி எடுங்கள். வாங்குவதற்கு முன்னால் *#06# அழுத்துங்கள். இஐடி என்று ஒரு நீண்ட எண் வந்தால் போன் இ-சிம்முக்கு ஒத்துவரும். காலம் எப்போது தொடங்கும், ஏற்றியதுமா, அந்த நாட்டு நெட்வொர்க்கைப் பிடித்ததுமா என்பதையும் படியுங்கள்.

ஏற்றியபின் அதை நீக்காதீர்கள். அந்தக் கோடு பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான். இதை அனுபவத்தில் சொல்கிறேன். சாங்கியில் இறங்கி, வேகம் குறைவாக இருக்கிறதே என்று செட்டிங்ஸைக் குடைந்து, ‘நீக்கு’ என்பதைத் தொட்டேன். போன் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. நிச்சயமாக என்றேன். இரண்டாவது இ-சிம்முக்குப் பணம் கட்டும்போது பக்கத்தில் வீட்டம்மா எதுவும் பேசாமல் நின்றார். பேசியிருந்தால் தேவலை.

சிங்கப்பூரிலிருந்து மூன்று நாள் கப்பல் சுற்றுலா. ரோமிங் பேக் இருந்தும் மெயின் பேலன்ஸ் 1,000 ரூபாய் ஒரே மாலையில் காலி. யார் மேல் புகார் கொடுப்பது?
– ஐந்து ரோடு

கரை மறைந்ததும் போன் பிடித்தது சிங்கப்பூர் நெட்வொர்க்கை அல்ல, கப்பலே செயற்கைக்கோள் வழியாக நடத்தும் தனி நெட்வொர்க்கை. சாதாரண நாட்டு பேக் அதற்குச் செல்லாது, கட்டணமும் தலை சுற்றும். நெட்வொர்க் மாறியதும் கட்டணம் சொல்லி ஒரு எஸ்எம்எஸ் வந்ததாகவும், ‘விளம்பரம் என்று அழித்துவிட்டேன்’ என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் புகார் யார் மேல்? கப்பலில் ஏறியதும் ஏரோபிளேன் மோட்.

‘150 நாடுகளுக்கு ஒரே சிம், ஆயுள் முழுக்க’ என்று விளம்பரம். வாங்கலாமா?
– ஓமலூர்

2010-இல் நான் வாங்கினேன். ‘உலக சிம்’ என்று பெயர். எண் எஸ்டோனியா எண், +372. கோலாலம்பூரிலிருந்து வீட்டுக்கு அழுத்தினால் அழைப்பு அறுந்துபோகும். முப்பது விநாடி கழித்து நமக்கே மணி அடிக்கும், எடுத்தால் அந்தப் பக்கம் வீட்டுக்கு மணி போகும். எடுக்கும்போது ஒரு பெண் குரல் தெரியாத பாஷையில் ஏதோ சொல்லும். ஊரிலிருந்து என்னைக் கூப்பிட்டவர்களுக்கோ எஸ்டோனியாவுக்குப் பேசிய ஐஎஸ்டி கட்டணம். அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டார், மூன்றாவது முறை ‘வந்தப்புறம் பேசிக்கலாம்’ என்று வைத்துவிட்டார். ஆயுள் முழுக்க என்றார்கள். நான் இருக்கிறேன், கம்பெனி இல்லை.

போகிற நாட்டுக்கு மட்டும் வாங்குங்கள்.

வெளிநாடெல்லாம் இல்லை சார், காஷ்மீர்தான். ஸ்ரீநகரில் இறங்கியதும் குடும்பத்தில் ஆறு போனும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. எல்லாவற்றிலும் ரீசார்ஜ் இருந்தது. இது என்ன நியாயம்?
– கொண்டலாம்பட்டி

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு செய்யும். பாதுகாப்புக் காரணம் சொல்லி வைத்திருக்கும் பழைய ஏற்பாடு. ரீசார்ஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆறு பேரில் ஒருவர் கிளம்புவதற்கு முன்னால் போஸ்ட்பெய்டுக்கு மாறியிருந்தால் போதும். இதை முன்கூட்டியே சொல்லாதது உங்களை அழைத்துப்போன டிராவல்ஸ்காரர் தப்பு, அவரை நன்றாகக் கேளுங்கள். தங்கிய படகு வீட்டில் படிக்கட்டு ஓரம் மட்டும் வைஃபை எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தால் ஏரியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஆறு பேரும் அந்தப் படியிலேயே நெருக்கி உட்கார்ந்திருந்தது கண்முன்னால் நிற்கிறது.