பெரியவர்கள் புதுச் சாப்பாட்டுக்குத் தயங்குவதை அளக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் தன் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறார். 38 வயது, இட்லி, தோசை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், இதைத் தாண்டி எதையும் தொடுவதில்லை, வெளியூர் போனால் பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான். இது எவ்வளவு தீவிரம் என்று அளந்து சொல்ல வழி இருக்கிறதா, இதற்கு டாக்டரிடம் போக வேண்டுமா என்று கேட்கிறார்.

அளக்க வழி இருக்கிறது. நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள், புதுத் தின்பண்டங்களை ருசி பார்த்துச் சொல்ல ஆள் தேர்ந்தெடுக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே ஆளைச் சேர்க்கும் முன்பே ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துவிடுவோம். கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா பிளைனரும் கேரன் ஹாப்டனும் 1992-இல் வெளியிட்டது, பெயர் ‘ஃபுட் நியோஃபோபியா ஸ்கேல்’, அதாவது புது உணவுக்குத் தயங்குவதை அளக்கும் அளவுகோல். மொத்தமே பத்து வாக்கியங்கள்தான். ‘புது உணவுகளை நான் நம்புவதில்லை’, ‘இதற்கு முன் சாப்பிடாததைச் சாப்பிடப் பயமாக இருக்கிறது’, ‘ஏறக்குறைய எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவேன்’, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க் போட வேண்டும், 1 என்றால் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை, 7 என்றால் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பத்தில் ஐந்து வாக்கியங்கள் புதுமையை விரும்புகிறவர் பேசுவது போல இருக்கும், அவற்றுக்குப் போட்ட எண்ணை 8-இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். கூட்டினால் குறைந்தது 10, அதிகபட்சம் 70. எண் ஏற ஏறத் தயக்கம் அதிகம்.

இத்தனைக்கு மேல் போனால் கோளாறு என்று பொதுவான கோடு எதுவும் கிடையாது. யாரிடம் அளக்கிறார்களோ அந்தக் கூட்டத்தின் சராசரியை வைத்துத்தான் ஒருவர் மேலா கீழா என்று பார்க்கிறார்கள். அதனால் உங்கள் கணவருக்கு 55 வந்தால் அந்த 55-ஐ மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, இதைத் தமிழில் கேட்கும்போது வருகிற சிக்கல். நான் முதன்முதலில் மொழிபெயர்த்துக் கேட்டது என் மாமியாரிடம். அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார், கையில் எண்ணெய், பக்கத்தில் மோர்த் தண்ணீர்ப் பாத்திரம். ஒவ்வொரு பூவாக எடுத்து, கள்ளனைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மோரில் போட்டபடியே பதில் சொன்னார். ‘உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் சாப்பிட மாட்டேன்’ என்று நான் வாசித்ததும் நிமிர்ந்தார். “தெரியாம எப்படிம்மா வாயில வைக்கிறது? முட்டை கிட்டை போட்டிருந்தா?” என்றார், ஏழு போடச் சொன்னார். சுத்த சைவக்காரர், அவருக்கு இது புதுமையைப் பற்றிய கேள்வியே இல்லை. ஆனால் மார்க்கில் அது பயமாகத்தான் ஏறும்.

அடுத்து விருந்து பற்றிய வாக்கியம். ‘விருந்துக்குப் போன இடத்தில் புது உணவு இருந்தால் சாப்பிட்டுப் பார்ப்பேன்.’ இதற்கும் ஏழு. “ஏன் அத்தை, அவ்வளவு ஆசையா?” என்று கேட்டேன். “ஆசையென்ன, இலையில போட்டதை வேண்டாம்னு எழுந்திருக்க முடியுமா? அவங்க மனசு என்ன பாடுபடும்?” என்றார். 8-இலிருந்து அந்த 7-ஐக் கழித்தால் 1, அதாவது இந்த வாக்கியத்தின்படி அவர் புதுமை விரும்பி! மரியாதைக்காக விழுங்குவதும் ஆசையாகச் சாப்பிடுவதும் இந்தத் தாளில் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகின்றன. மொத்தம் 46 வந்தது. அந்த 46-ஐ விட அவர் சொன்ன இரண்டு காரணங்கள்தான் எனக்கு அவரைப் புரியவைத்தன, அன்றிலிருந்து யாரிடம் கேட்டாலும் எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதிக்கொள்கிறேன்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சிக்கல் கிடையாது. அமெரிக்கா, ஸ்வீடன், ஃபின்லாந்து மூன்று நாட்டு விடைகளையும் ஒப்பிட்டு 2003-இல் வந்த ஆய்விலும், சில வாக்கியங்களை எடுத்துவிட்டால்தான் அளவுகோல் இன்னும் சீராக இருக்கிறது என்று கண்டார்கள். ஆனாலும் இதைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். தாளில் அதிக மார்க் வாங்கியவர்கள் நேரில் புதுப் பண்டத்தை நீட்டும்போதும் பெரும்பாலும் பழகியதையே எடுக்கிறார்கள், என் வேலையிலும் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் கணவர் விஷயம். அவர் எந்த வகை என்று முதலில் பாருங்கள். வாயில் வைக்கும் முன்பே, பார்த்த உடனே வேண்டாம் என்றால் அது இந்த ஸ்கேல் அளக்கிற தயக்கம். பல தடவை சாப்பிட்டுத் தெரிந்த கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் கூட, கொழகொழவென்று இருக்கிறது, வாசனை பிடிக்கவில்லை என்று ஒதுக்கினால் அது வேறு, அதற்குத் தனிக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு. எடை குறைகிறது, சத்துக்குறைவு வருகிறது, சாப்பாட்டுக்குப் பயந்தே கல்யாணம் கச்சேரிக்கும் வெளியூர் வேலைக்கும் போகாமல் இருக்கிறார் என்றால் மட்டும் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘ஏஆர்எஃப்ஐடி’ (சாப்பாட்டைத் தவிர்க்கும் அல்லது மிகவும் குறைத்துக்கொள்ளும் கோளாறு) என்று 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, பெரியவர்களுக்கும் வரும்.

தயவுசெய்து “வேணும்னே பண்றார்” என்று மட்டும் நினைக்காதீர்கள். ஃபின்லாந்துக் குடும்பங்களையும் பிரிட்டனின் இரட்டைச் சகோதரிகளையும் வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், இந்தத் தயக்கத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பரம்பரையால் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதற்காக மாறவே மாறாது என்றும் இல்லை. அவர் விரும்பிச் சாப்பிடும் உருளைக்கிழங்கே கப்பலில் வந்த கிழங்குதான், இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலில் உருளை, கோஸ், காரட்டை ‘இங்கிலீஷ் காய்’ என்று சேர்ப்பதில்லை. பழகிய ருசிக்குள் வைத்துக் கொடுத்தால் புதுப் பொருள் உள்ளே போகும் என்பதை என் மாமியாரிடமே பார்த்தேன். ப்ரொக்கோலியை வேகவைத்து உப்பு மிளகு போட்டுக் கொடுத்தபோது தொடவில்லை. பத்து நாள் கழித்து அதையே பொடியாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்து, தேங்காய் தூவிப் பொரியலாக வைத்தேன். வற்புறுத்தவில்லை, இன்ன காய் என்று மட்டும் சொன்னேன். ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார், தண்டுப் பக்கம் கொஞ்சம் கடித்தார், மீதியை இலையோரம் வைத்துவிட்டார். அடுத்த வாரம் பாதி கரண்டி. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, “அந்தப் பச்சைக் காய் இல்லையா இன்னைக்கு?” என்று அவரே கேட்டார்.

அந்தப் பத்து வாக்கியங்களையும் உங்கள் கணவரிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அவரையே மார்க் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லி, முதலில் அந்த வரிகளைப் படியுங்கள், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.