ரிப்போர்ட் நார்மல் என்றால் சிஎம்எல் (ஒருவகை ரத்தப் புற்றுநோய்) மாத்திரையை நிறுத்திவிடலாமா?

சிலரால் முடியும். ஆனால் டாக்டரிடம் சொல்லாமல் நீங்களாக நிறுத்தவே கூடாது.

ஆறு வருடமாக இந்த நோய்க்கான இமாடினிப் மாத்திரை சாப்பிடுகிறேன், ரிப்போர்ட் நார்மல் என்கிறீர்கள். எந்த ரிப்போர்ட்? ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது. மூலக்கூறு பரிசோதனையில் பிசிஆர்-ஏபிஎல் (இந்த நோயை உண்டாக்கும் மரபணு) அளவு 0.01 சதவீதமோ அதற்கும் கீழோ, குறைந்தது 2 வருடம் தொடர்ந்து இருக்க வேண்டும். நோய் எப்போதாவது முற்றிய கட்டத்துக்குப் போயிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பிரான்ஸில் நடந்த 'ஸ்டிம்' ஆய்வு 2010-ல் வெளியானது. 2 வருடத்துக்கும் மேலாக நோயின் தடயமே தெரியாத 100 பேர் இமாடினிப்பை நிறுத்தினார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள். நல்ல விஷயம், மாத்திரையை மறுபடி தொடங்கியதும் ஏறக்குறைய எல்லோருக்குமே நோய் கட்டுக்குள் வந்துவிட்டது.

அதனால்தான் நிறுத்திய பிறகு முதல் 6 மாதம் மாதாமாதம் பரிசோதனை கேட்கிறார்கள். அளவு 0.1 சதவீதத்தைத் தாண்டினால் உடனே மாத்திரை. என் கருத்தில், உங்கள் ஊரில் இந்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வசதி இல்லை என்றால் நிறுத்தாமல் இருப்பதே மேல்.

அப்புறம் ஒன்று: நிறுத்திய சில வாரங்களில் சிலருக்கு மூட்டும் தசையும் வலிக்கும். அது நோய் திரும்பியதற்கான அறிகுறி அல்ல. பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும், தேவைப்பட்டால் டாக்டர் வலி மாத்திரை தருவார்.