ஸ்கிரீன் அணைந்ததும் நெட்டும் போகிறதா? தூங்குவது யார் என்று முதலில் பாருங்கள்

வாசகர் கேட்டிருப்பது இது: ஆபீஸ் கொடுத்த விண்டோஸ் 11 லேப்டாப், மேசையில் ஒரு யுஎஸ்பி-சி டாக் (ஒரே கேபிளில் மானிட்டர், லேன், கீபோர்டு எல்லாவற்றையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), லேன் கேபிள் டாக்கில், பெரிய மானிட்டர் ஒன்று, லேப்டாப்பின் மூடி எப்போதும் மூடியே இருக்கும். பத்து நிமிடம் கை வைக்காவிட்டால் ஸ்கிரீன் அணைகிறது. கூடவே டவுன்லோடு நிற்கிறது, விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) அறுந்து போகிறது, அடுத்த அறையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது வேறொரு கணினி வழியாக, இந்த லேப்டாப்புக்குள் நுழையவும் முடிவதில்லை. ஸ்கிரீனை நாள் முழுக்க எரியவிடாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். ஸ்கிரீன் அணைவதற்கும் நெட் போவதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்கிரீன் அணையும் அதே நேரத்தில் வேறு ஏதோ ஒன்றும் தூங்கிப்போகிறது. அது மொத்த லேப்டாப்பாக இருக்கலாம், டாக்குக்குள் இருக்கும் நெட்வொர்க் அடாப்டராக (லேன் இணைப்பைக் கொடுக்கும் பாகம்) இருக்கலாம், மானிட்டராகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் கண்ணில் பட்ட செட்டிங்கை எல்லாம் மாற்றினால், ஒரு வாரம் சரியாக ஓடி அடுத்த அப்டேட்டில் மறுபடி மக்கர் பண்ணும்போது எதை மாற்றினோம் என்பதே நினைவிருக்காது.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. விபிஎன்-ஐத் துண்டித்துவிட்டு கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்பு ஜன்னல்) திறந்து பிங் கட்டளையை ஹைபன் டி சேர்த்து உங்கள் ரவுட்டர் முகவரிக்கு ஓடவிடுங்கள் (பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1). இது நொடிக்கு ஒரு முறை ரவுட்டரைத் தட்டிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டுவிட்டு எழுந்து போங்கள், ஸ்கிரீன் தானாக அணையட்டும். அரை மணி நேரம் கழித்து வந்து கண்ட்ரோல் விசையோடு சி அழுத்தினால் எத்தனை அனுப்பியது, எத்தனைக்குப் பதில் வந்தது என்று கணக்குக் காட்டும். அனுப்பியது 1,800-ஐ ஒட்டி இருந்து எல்லாவற்றுக்கும் பதிலும் வந்திருந்தால் லேப்டாப்பும் தூங்கவில்லை, நெட்டும் போகவில்லை. சிக்கல் விபிஎன் பக்கம். அனுப்பியதே 600, 700 என்று குறைவாக இருந்து, தோல்வி வரிகளும் அவ்வளவாக இல்லையென்றால் லேப்டாப்பே தூங்கிவிட்டது, பிங்கும் அதோடு உறைந்துவிட்டது. வரிசையாக 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' அல்லது 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று கொட்டிக் கிடந்தால் லேப்டாப் விழித்துத்தான் இருந்திருக்கிறது, அடாப்டர்தான் போய்விட்டது. பதில் வராத ஒவ்வொரு பிங்கும் சுமார் 4 நொடி காத்திருக்கும் என்பதால் அப்போதும் மொத்த எண்ணிக்கை குறையும். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வரிகளையும் பாருங்கள்.

சோதிக்கும்போது பாட்டு, வீடியோ எதுவும் ஓடவிடாதீர்கள். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்வரை விண்டோஸ் பொதுவாகத் தானாகத் தூங்கப் போகாது. அதனால் சோதனையில் எல்லாம் அருமையாக இருக்கும், நிஜத்தில் இருக்காது.

லேப்டாப்தான் தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அதுதான். பழைய லேப்டாப்களில் எஸ்3 என்ற தூக்கம்: மெமரி தவிர கிட்டத்தட்ட எல்லாம் அணைந்துவிடும், தூங்கினால் தூங்கியதுதான். 2012-ல் விண்டோஸ் 8-ல் 'கனெக்டட் ஸ்டாண்ட்பை' என்று ஆரம்பித்து, விண்டோஸ் 10-ல் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' ஆனது வேறு வகை. லேப்டாப்பும் போன் மாதிரி ஸ்கிரீனை அணைத்துவிட்டு உள்ளே லேசாக விழித்திருக்க வேண்டும் என்பது திட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் நெட் இணைப்பு இருந்தாலும் சாதாரண டெஸ்க்டாப் புரோகிராம்களை விண்டோஸ் நிறுத்தி வைத்துவிடும். அதனால்தான் காலையில் வந்து பார்த்தால் மெயில் எல்லாம் வந்திருக்கும், இரவு போட்ட டவுன்லோடு மட்டும் 12 சதவீதத்தில் நின்றிருக்கும். "நெட் இருந்திருக்கே, அப்புறம் ஏன் நின்னுச்சு" என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

உங்களிடம் எந்த வகை என்று தெரிய, கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி (பவர் என்பதோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி அடிக்க வேண்டும்), ஒரு இடைவெளி, சாய்கோடு (/), ஏ. விடையில் 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று இருந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை. அடுத்து ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போய் 'கெர்னல்-பவர்' பதிவுகளைத் தேடுங்கள். 506 என்ற எண் மாடர்ன் ஸ்டாண்ட்பைக்குள் போன நேரம், 507 வெளியே வந்த நேரம். பழைய எஸ்3 என்றால் தூங்கப்போன பதிவு 42. 506-ஐத் திறந்தால் ஏன் போனது என்ற காரணமும் எழுதியிருக்கும். சும்மா இருந்ததால் போனதா, மூடியை மூடியதால் போனதா என்று ஊகிக்கவே தேவையில்லை.

சரி, மாற்ற வேண்டியவை. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் ஸ்கிரீனுக்கு ஒரு நேரமும் ஸ்லீப்புக்கு இன்னொரு நேரமும் தனித்தனியாக இருக்கும். சார்ஜரில் இருக்கும்போது ஸ்கிரீன் அணைய 5 நிமிடமோ 10 நிமிடமோ உங்கள் விருப்பம். ஸ்லீப் மட்டும் 'நெவர்'. ஹைபர்னேட் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுக்க அணைவது) தனியாகத் தெரிந்தால் அதுவும் 'நெவர்'. மூடியை மூடி வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொன்று: கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், 'பிளக்டு இன்' பத்தியில் 'டூ நத்திங்'. இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றுகிறவர்கள்தான் அதிகம்.

விண்டோஸ் விசையோடு எல் அழுத்திப் பூட்டினால் நெட் போய்விடுமோ என்று பயந்து பூட்டாமலே எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டுவதால் மட்டும் நெட் போகாது, தாராளமாகப் பூட்டுங்கள். ஆனால் பூட்டிய திரைக்கு என்று விண்டோஸில் மறைவாக ஒரு நேரக் கணக்கு உண்டு, இயல்பாக அது 1 நிமிடம். நீங்கள் 30 நிமிடம் என்று வைத்திருந்தாலும் பூட்டிய திரை ஒரு நிமிடத்தில் அணைவது அதனால்தான், அதைப் பார்த்து செட்டிங் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இவ்வளவு மாற்றியும் ஆபீஸ் ஐடி வைத்த ஏதோ ஒரு பாலிசி (கட்டுப்பாட்டு விதி) குறுக்கே வந்தால், மைக்ரோசாஃப்ட்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பில் 'அவேக்' என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதில் ஸ்கிரீனை எரியவிடும் பொத்தானை மட்டும் அணைத்து வைத்தால் ஸ்கிரீன் தன் நேரத்தில் அணையும், லேப்டாப் விழித்திருக்கும். இரவு முழுக்க ஏதாவது ஓட வேண்டிய ஒரு நாளுக்கு மட்டும் என்றால் எனக்கு இதுதான் பிடிக்கும், நிரந்தரமாக எதையும் மாற்ற வேண்டாமே.

இப்போது இரண்டாவது வகை, லேப்டாப் விழித்திருக்கிறது, நெட் மட்டும் போகிறது. டாக்கில் இருக்கும் லேன் துளை லேப்டாப்பில் நேரடியாக இருக்கும் துளை மாதிரி இல்லை. யுஎஸ்பி-சி டாக்குகளில் பெரும்பாலும் அது யுஎஸ்பி வழியாகப் பேசும் ஒரு நெட்வொர்க் சிப், பலவற்றில் ரியல்டெக் நிறுவனத்துடையது. யுஎஸ்பியில் தொங்குகிறது என்பதால் யுஎஸ்பிக்கு வரும் மின்சிக்கன விதி எல்லாம் அதற்கும் வரும். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸின் கீழ் அந்த யுஎஸ்பி அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கமே இல்லையா? மாடர்ன் ஸ்டாண்ட்பை லேப்டாப்கள் பலவற்றில் அது இருக்காது. அப்போது 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட், கிரீன் ஈத்தர்நெட், செலக்டிவ் சஸ்பெண்ட் இந்தப் பெயர்களில் எது இருந்தாலும் 'டிசேபிள்டு' ஆக்குங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' கண்ணில் பட்டால் அதையும். அப்புறம் டாக் தயாரிப்பாளரின் தளத்தில் ஃபர்ம்வேர் (டாக்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்), லேன் டிரைவர் இரண்டும் புதிதாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டாக்குக்கும் ஃபர்ம்வேர் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் மானிட்டர். இப்போது பல மானிட்டர்களுக்குள்ளேயே யுஎஸ்பி ஹப் (பல யுஎஸ்பி கருவிகளைச் செருகும் பகுதி) இருக்கிறது, சிலவற்றில் லேன் துளையும் இருக்கிறது, ஒரே யுஎஸ்பி-சி கேபிளில் படமும் சார்ஜும் நெட்டும் போய்விடும். மேசை சுத்தமாக இருக்கும், சரி. ஆனால் சிக்னல் நின்றதும் அந்த மானிட்டர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது உள்ளே இருக்கும் ஹப்பையும் சேர்த்து அணைத்துவிட்டால், விண்டோஸில் நீங்கள் எதை மாற்றினாலும் பயன் இல்லை. இதைச் சோதிப்பது சுலபம்: எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரின் பொத்தானை அமுக்கி அணையுங்கள். நெட்டும் கூடவே போனால் குற்றவாளி அதுதான். மானிட்டரின் சொந்த மெனுவில் டீப் ஸ்லீப், யுஎஸ்பி ஸ்டாண்ட்பை, அணைந்திருக்கும்போதும் யுஎஸ்பி-சி சார்ஜ் என்று பிராண்டுக்கு ஒரு பெயரில் செட்டிங் இருக்கும். ஹப் அணையாதபடி அதை மாற்றுங்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லையென்றால் லேன் கேபிளை மானிட்டரிலிருந்து பிடுங்கி டாக்கிலோ லேப்டாப்பிலோ செருகுவதுதான் தீர்வு.

லேன் போனால் வைஃபை பிடித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பிடித்துக்கொள்ளும், சில நொடிகளில். ஆனால் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்பின் எண்) மாறுவதால் பல விபிஎன்-கள் அந்த இடத்தில் அறுந்துவிடும். காலையில் வந்து பார்க்கிறவருக்கு நெட் இருக்கும், விபிஎன் மட்டும் போயிருக்கும், அதனால் பழி விபிஎன் மேல் விழும்.

மூன்றாவது வகை, பிங் கணக்கு சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் விபிஎன் போகிறது. இத்தனை நேரம் வேலை நடக்கவில்லை என்றால் துண்டித்துவிடு என்று ஆபீஸ் சர்வரில் எழுதி வைத்திருப்பார்கள். அதை உங்கள் லேப்டாப்பில் மாற்ற முடியாது. டீம்ஸ் ஆப்பில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாவதும் நெட் போனதற்கு அடையாளம் இல்லை, சில நிமிடம் கை வைக்கவில்லை என்பதற்கு மட்டும்தான். அதற்காக மவுஸை ஆட்டும் கருவி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம். 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பது போலப் பாவனை செய்ததாகப் பத்துப் பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பிய செய்தி உலகம் முழுக்க வந்தது. லேப்டாப்பை விழித்திருக்க வைப்பது ஒன்று, நீங்கள் விழித்திருப்பதாகக் காட்டுவது வேறு.

கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால் இதையும் யோசியுங்கள். டாக்கில் பேட்டரி கிடையாது. ஒரு நொடி கரன்ட் போனாலும் லேப்டாப் தன் பேட்டரியில் நிற்கும், டாக் செத்துப் பிழைக்கும், அந்த இடைவெளியில் லேன் போய்விடும். கரன்ட் திரும்பாவிட்டால் லேப்டாப்புக்குப் பேட்டரிக்கான ஸ்லீப் கணக்கு ஆரம்பிக்கும், நீங்கள் 'நெவர்' வைத்தது சார்ஜருக்கு மட்டும்தானே. டாக் அடாப்டர், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் யுபிஎஸ்-ஸில் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. மானிட்டர் யுபிஎஸ்-ஸில் இல்லாவிட்டால் பரவாயில்லை, அதில் ஹப் இருந்தால் ஒழிய. பேட்டரிக்கும் 'நெவர்' வைத்துவிடலாமே என்று தோன்றும், நான் வைக்க மாட்டேன். மறந்துபோய் பையில் போட்டால் உள்ளேயே சூடாகிக் கிடக்கும்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி, அதில் ஆப்ஷன்ஸ். டிஸ்பிளே அணைந்திருக்கும்போது சார்ஜரில் தானாகத் தூங்குவதைத் தடுக்கும் பொத்தான் அங்கே இருக்கிறது. மூடியை மூடி ஓட்ட வேண்டும் என்றால் சார்ஜர், மானிட்டர், வெளி கீபோர்டு, மவுஸ் இருக்க வேண்டும். ஒரு இரவுக்கு மட்டும் என்றால் டெர்மினலில் 'கேஃபினேட்' கட்டளை ஹைபன் ஐ-யோடு போதும். லினக்ஸில் சிஸ்டம்டி (பின்னணியில் சிஸ்டத்தை நடத்தும் மென்பொருள்) இயல்பாகவே டாக்கில் இருக்கும்போது மூடி மூடுவதைக் கண்டுகொள்ளாது, ஆனால் டெஸ்க்டாப்பின் ஆட்டோமேட்டிக் சஸ்பெண்ட் தனியாக இயங்கும், அதை அணைக்க வேண்டும். டிஎல்பி என்ற மின்சிக்கனக் கருவியைப் போட்டிருந்தால் அதன் யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டிலும் ஒரு கண் வையுங்கள்.

கேட்டவரிடம் இருப்பது ஆபீஸ் லேப்டாப் என்பதால் மேலே சொன்ன பொத்தான்களில் சில சாம்பல் நிறமாகி, தொடவே முடியாமல் இருக்கலாம். அப்படியென்றால் ஐடி பிரிவுக்கு "நெட் அடிக்கடி போகுது" என்று எழுதாதீர்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். பிங்கின் கடைசிக் கணக்கு, 506 பதிவின் நேரம், அதில் எழுதியிருக்கும் காரணம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் நேரத்தையும் மூடி செட்டிங்கையும் மட்டும் மாற்றித் தரும்படி கேளுங்கள். ஸ்கிரீன் அணைவதையும் பூட்டுவதையும் நீங்கள் தொடச் சொல்லவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க அவர்களுக்கு இடம் இருக்காது.