கஜா புயல்: முதல் நாள் இரவும் அதற்குப் பிந்தைய 22 நாளும்

"கஜா புயலின்போது அரசின் அவசரகால நடவடிக்கை உண்மையிலேயே நன்றாக இருந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கம். அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். புயலுக்கு முன்னால் நன்றாகவே செய்தார்கள். புயல் போன பிறகு தவிக்க விட்டார்கள். இரண்டையும் சொன்னால்தான் நியாயம்.

கஜாவுக்கு முந்தைய வருடம், 2017-இல்தான் ஒக்கி புயல் வந்தது. கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராமல் குமரி மாவட்டமே கதறியது. அந்த அடி நினைவில் இருந்ததாலோ என்னவோ, 2018-இல் படகுகளை முன்கூட்டியே கரைக்கு வரவைத்தார்கள். நவம்பர் 15 அன்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாக அறிவித்தார்கள். கூரை வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் தலையாரி (கிராம உதவியாளர்) வந்து நின்றார். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, "ஆட்டை விட்டுட்டு நான் எங்கேயும் வரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். "சரி, ஆட்டையும் ஓட்டிக்கிட்டு வாங்கம்மா" என்று அவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பள்ளிக்கூட வராந்தாத் தூணில் மூன்று ஆடுகளும் கட்டிக் கிடந்தன. விடிந்து பார்த்தால் அத்தையின் வீட்டில் மண்சுவர்தான் மிச்சம். அந்தத் தலையாரி இல்லையென்றால் அத்தை இல்லை.

கரை கடப்பதற்குள் மாநிலம் முழுக்க 80 ஆயிரம் பேர் வரை முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலினே பேரிடர் மேலாண்மை ஆணையத்தைப் பாராட்டினார். அந்தப் பாராட்டுக்குத் தகுதியான வேலைதான்.

15-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையேறியது. எங்களுக்கு முதலில் வடக்கேயிருந்து காற்று. கொஞ்ச நேரம் ஓய்ந்தது. அப்புறம் தெற்கேயிருந்து திரும்பி அடித்தது பாருங்கள், முதல் காற்றில் வேர் ஆடிப்போயிருந்த மரமெல்லாம் அதில்தான் சாய்ந்தது. அப்பா வைத்து வளர்த்த 140 தென்னையில் காலையில் நின்றது 11. அப்பா தோப்புக்குள் போகவே இல்லை, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து அரசாங்கத்தை எங்கள் ஊரில் காணவில்லை. மெயின் ரோட்டில் விழுந்த மரங்களைச் சீக்கிரமே அகற்றிவிட்டார்கள். உள்ளூர்ச் சாலையை நாங்களே அரிவாளும் கோடாலியுமாக வெட்டித் திறந்தோம். கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் ஓடவில்லை, அதனால் தண்ணீர் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பினோம். டெல்டாவில் பல இடங்களில் ஜனங்கள் சாலையை மறித்து உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான். முகாமுக்கு ஆளைக் கூட்டிப்போகத் திட்டம் இருந்தது. முகாமிலிருந்து வீடு திரும்பியவர் மறுநாள் எதைக் குடிப்பார் என்பதற்குத் திட்டம் இல்லை.

இதில் மின்வாரியத் தொழிலாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். விழுந்த கம்பங்கள் லட்சத்துக்கு மேல். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள், கேரளாவிலிருந்தும்கூட. எங்கள் ஊருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள். லாரி போகாத வயல் சேற்றில் எட்டுப் பேர் தோளில் சுமந்து கம்பத்தைக் கொண்டுபோய் நட்டார்கள். எங்களிடம் இருந்த அரிசியில் அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தோம். 22-ஆவது நாள் விளக்கு எரிந்தபோது தெருவே அவர்களைச் சூழ்ந்து அழுதது.

நிவாரணத்தில்தான் எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை. தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100 என்று அறிவித்தார்கள். காய்ப்புக்கு வந்த மரம் ஒன்று வருடத்துக்கே அதற்கு மேல் தரும். அதையும் விழுந்து கிடந்த மரத்தை எண்ணித்தான் கொடுத்தார்கள். வழியை மறித்ததென்றும் கூரைமேல் கிடந்ததென்றும் முதல் வாரத்திலேயே அறுத்துப் போட்டவர்களிடம் காட்ட மரம் இல்லை. எங்களுக்கே 30 மரம் கணக்கில் வராமல் போனது. வெட்டுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள் என்று அந்த மைக்கிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

2019 ஆடியில் மறுபடி 90 தென்னம்பிள்ளை வைத்தோம், எல்லாம் நெட்டை ரகம். போன வருடம்தான் முதல் பாளை வெடித்தது.