நள்ளிரவில் சென்சார் 61, விரலில் 97: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 61. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலை 22, இரவு 14 யூனிட் 30/70 மனித இன்சுலின் போடுகிறேன். கூடவே மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மாத்திரைகள். டாக்டர் சொன்னபடி, சர்க்கரையை இரவும் பகலும் அளந்து, இறங்கினால் அலாரம் அடிக்கும் 14 நாள் சென்சாரைக் கையில் ஒட்டியிருக்கிறேன். ஓர் இரவு இரண்டரை மணிக்கு 58 என்று அலாரம் அடித்தது. மூன்று ஸ்பூன் சீனி தின்றேன். இருபது நிமிடம் கழித்தும் 60தான் காட்டியது, இன்னும் மூன்று ஸ்பூன் தின்றேன். காலையில் 240! இன்னோர் இரவு 61 காட்டியபோது விரலைக் குத்திப் பார்த்தால் 97. எதை நம்புவது? காலை இட்லிக்குப் பிறகு 230 வரை போகிறதே, இன்சுலினை நானே இரண்டு யூனிட் கூட்டிக்கொள்ளலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அந்த நேரத்து முடிவுக்கு விரலை நம்புங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு குத்த வேண்டும். பழம் உரித்த விரலில் குத்தினால் குளுக்கோமீட்டரும் பொய் சொல்லும். வியர்வை, நடுக்கம், படபடப்பு இருந்து, மீட்டர் கைக்கு எட்டாவிட்டால் யோசிக்காமல் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு குத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்காக 58ம் பொய்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இரண்டு இரவுகளிலும் நடந்தது வேறு வேறாக இருக்கலாம். சென்சாரின் மொபைல் ஆப்பைத் திறந்து, அந்த இரண்டு இரவுகளிலும் சர்க்கரை ஏறி இறங்கியதைக் காட்டும் கோட்டைப் பாருங்கள்.

சென்சாரின் இழை தோலுக்குள் சுமார் 5 மி.மீ. போகிறது. அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலடித் திசுக்களில் இருக்கும் திரவத்தை. அந்தக் கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடம் நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. அங்கே மட்டும் குளுக்கோஸ் இறங்குகிறது. கோட்டில் இது அப்பட்டமாகத் தெரியும். 110, 115 என்று நேராகப் போய்க்கொண்டிருந்தது பத்துப் பதினைந்து நிமிடத்தில் 60க்கு விழும். நீங்கள் புரண்டு படுத்ததும், எதுவும் சாப்பிடாமலேயே, பழைய உயரத்துக்கே ஏறிவிடும். கிணற்றில் வாளி இறங்கி ஏறினாற்போல. இன்சுலினால் வரும் உண்மையான இறக்கம் பெரும்பாலும் இப்படி இருக்காது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரமாகச் சரிந்துகொண்டே வரும், கீழேயே கிடக்கும், மெதுவாகத்தான் ஏறும்.

உங்கள் 61, வாளி வகையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 58 அப்படித்தானா என்று கோட்டைப் பார்த்தால்தான் தெரியும். 30/70ல் எழுபது பங்கு மெதுவாக வேலை செய்யும் இன்சுலின். போட்ட நான்கு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். இரவு எட்டரைக்கு ஊசி என்றால் நள்ளிரவிலிருந்து விடிகாலை வரை. இரண்டரை மணி அதற்குள் கச்சிதமாக விழுகிறது. சரிவான இறக்கம் இரண்டு இரவு ஏறக்குறைய அதே நேரத்தில் வந்திருந்தால் 14 நாள் முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். இரவு டோஸைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி அந்தச் சீனி. அதில் இரண்டு சிக்கல். வோக்லிபோஸ் குடலில் சீனி உடைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை, அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். சர்க்கரை இறங்கிய நேரத்தில் அதுவே குறுக்கே நிற்கும். ஆகவே உங்களுக்குச் சீனி, வெல்லம், மிட்டாய் எல்லாம் நம்பகமான வைத்தியம் அல்ல. குளுக்கோஸ் பவுடர் 15 கிராம், அதாவது தேக்கரண்டியால் மூன்று, அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். டப்பாவின் பின்னால் படித்து வாங்குங்கள்: டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) என்று இருக்க வேண்டும். எனர்ஜி பானம் என்ற பெயரில் விற்பவை சிலவற்றில் சீனியும் சேர்ந்திருக்கும். இரண்டாவது சிக்கல், சென்சார் ரத்தத்தைவிட ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கியே வரும். ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிட்டாலும் திரையில் 60 நிற்கும். குளுக்கோஸ் குடித்துப் பதினைந்து நிமிடம் கழித்து விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மட்டும் இன்னொரு முறை. திரையைப் பார்த்துப் பார்த்துத் தின்றதுதான் காலை 240.

இட்லி விஷயத்தில் 230 என்ற உச்சத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாப்பிட உட்காரும்போது எவ்வளவு இருந்தது? 180ல் தொடங்கி 230 போனால் ஏற்றம் ஐம்பதுதான். குறை இட்லியில் இல்லை, விடிகாலைச் சர்க்கரையில் இருக்கிறது. 110லிருந்து 230 போனால் கதை வேறு. அப்போது முதலில் ஊசி நேரத்தைப் பாருங்கள். மனித 30/70 இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். போட்ட கையோடு தட்டின் முன் உட்கார்ந்தால் இட்லி முந்திக்கொள்ளும். அதே நான்கு இட்லி, அதே சாம்பார், ஊசி மட்டும் சரியாக அரை மணி முன்னால் என்று மூன்று நாள் பாருங்கள். அடுத்த மூன்று நாள் மூன்று இட்லி, அதற்கு முன் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. சாப்பிட்ட பின் பதினைந்து நிமிட நடையைத் தனியாகச் சோதியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நீங்களாக யூனிட்டைக் கூட்டாதீர்கள். இந்த இன்சுலினில் இரண்டு யூனிட் கூட்டினால் அதில் பெரும்பங்கு காலை 230ஐத் தொடாது. மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் சர்க்கரையை இறக்கிவிடும்.

எண்ணோடு அம்புக்குறியையும் பாருங்கள். பல சென்சார்களில் நேராகக் கீழ்நோக்கிய அம்பு, நிமிடத்துக்கு 2 மி.கி.க்கு மேல் இறங்குகிறது என்று பொருள். பதினைந்து நிமிடத்தில் முப்பது போய்விடும். படுக்கைவாட்டு அம்போடு 95 என்றால் வண்டி எடுக்கலாம். கீழம்போடு அதே 95 என்றால் முதலில் விரலைக் குத்திப் பாருங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், கோடு நிலைத்த பிறகு கிளம்புங்கள்.

ஒட்டுவதில் கவனிக்க வேண்டியவை சில. மேல்கையின் பின்புறம், தழும்பும் மச்சமும் இல்லாத இடம், ஊசி போடும் இடத்திலிருந்து ஓரங்குலமாவது தள்ளி. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிட்டு அழுத்துங்கள். அடுத்த சென்சாரை நீங்கள் ஒருக்களிக்காத பக்கத்துக் கையில் போடுங்கள். முதல் நாள் அளவு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அதை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை இரண்டு வாரம் ஒத்திப்போடுங்கள், பசை விட்டுவிடும். வைட்டமின் சி மாத்திரை நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் போனால் சில சென்சார்கள் கூட்டிக் காட்டும். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் சென்சார் இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள், கழற்றச் சொல்லலாம்.

14 நாள் முடிந்ததும் வரும் அறிக்கையில் சராசரியைவிட நேரக் கணக்கு முக்கியம். பொதுவான இலக்கு: 70 முதல் 180க்குள் 70 சதவீதத்துக்கு மேல், அதாவது ஒரு நாளில் சுமார் 17 மணி நேரம். 70க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், ஒரு மணி நேரம். 54க்குக் கீழே ஒரு சதவீதத்துக்குள், கால் மணி நேரம். வயது முதிர்ந்தவர்களுக்கும், சர்க்கரை இறங்கினால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் இலக்கு தளர்வு: 50 சதவீதம் போதும், ஆனால் 70க்குக் கீழே ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு எது என்பதை டாக்டர் சொல்லட்டும். கை நசுங்கி வந்த பொய்யான இறக்கங்களும் இந்தச் சதவீதத்தில் சேர்ந்துவிடும். அதைப் பார்த்து இன்சுலினைத் தேவையில்லாமல் குறைத்துவிட வாய்ப்பு உண்டு. ஆகவே விரலில் குத்திப் பார்த்த நேரம், அளவு, ஊசி போட்ட நேரம், சாப்பிட்ட நேரம் நான்கையும் ஒரு தாளில் எழுதி அறிக்கையோடு கொண்டுபோங்கள்.