இருபது பேர் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். தேர்ச்சி பெறாமல் அதே வகுப்பில் மீண்டும் படிக்கும் மாணவர்களின் வாழ்வனுபவம் என் தலைப்பு. 14 மாணவர்களிடமும் 6 ஆசிரியர்களிடமும் நேர்காணல் செய்திருக்கிறேன். ஆய்வுக்குழுக் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர், "20 பேர் பேசியதை வைத்துக்கொண்டு எதை நிறுவப் போகிறீர்கள்? 300 பேருக்கு வினாத்தாள் கொடுத்துச் சதவீதம் போடுங்கள்" என்றார். நெறியாளரும் இப்போது தயங்குகிறார்.

இன்னொரு கேள்வி. ஓர் ஆசிரியர் நேர்காணல் முடிந்த மறுநாள் அழைத்து, தலைமையாசிரியரைப் பற்றித் தான் சொன்ன பகுதியை நீக்கிவிடச் சொன்னார். ஆய்வுக்கு மிக முக்கியமான பகுதி அது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்தான். பயன்படுத்தலாமா?

இரண்டு நேர்காணல்களின் எழுத்துப்படியைப் பெயர்களை நீக்கி இணைத்திருக்கிறேன். மேற்கோள் காட்ட அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள ஆய்வாளருக்கு,

வினாத்தாள் வேண்டாம். 300 பேரிடம் கேட்டால் எத்தனை பேருக்கு அவமானமாக இருந்தது என்று தெரியும். அதுவும் தெரியவேண்டியதுதான். ஆனால் உங்கள் ஆய்வு கேட்பது வேறு. அந்த அவமானம் எந்த இடத்தில், யார் முன்னால் வருகிறது? அதைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளை மணி அடிக்கும்வரை எப்படி உட்கார்ந்திருக்கிறது? இதற்குச் சதவீதத்தில் பதில் கிடையாது.

ஆனால் உங்கள் எழுத்துப்படிகளைப் படித்தபோது, எண்ணிக்கையைவிடப் பெரிய கவலை ஒன்று வந்தது. முதல் நேர்காணலில் "மீண்டும் அதே வகுப்பில் படிப்பதை எப்படி உணர்கிறாய்?" என்று கேட்கிறீர்கள். "முதலில் கஷ்டமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. வீட்டில் ஆதரவாக இருக்கிறார்கள்" என்கிறான் மாணவன். ஓரத்தில் நீங்கள் 'மன உளைச்சல்', 'தகவமைப்பு', 'குடும்ப ஆதரவு' என்று குறித்திருக்கிறீர்கள். இந்த மூன்றையும் எழுத நேர்காணலுக்கே போயிருக்க வேண்டாம். நீங்கள் கேட்டது அபிப்பிராயத்தை. அவனும் அதையே கொடுத்துவிட்டான்.

இரண்டாவதில், பேச்சுவாக்கில், "முதல் நாள் எங்கே உட்கார்ந்தாய்?" என்று கேட்டுவிட்டீர்கள். அந்த மாணவி இருக்கையிலிருந்து வருகைப்பதிவேட்டுக்குப் போகிறாள். மற்ற பெயர்களெல்லாம் அச்சில் இருக்கின்றன. அவள் பெயர் மட்டும் கடைசிப் பெயருக்குக் கீழே பேனாவால் எழுதியிருக்கிறது. ஆசிரியர் பட்டியலைப் படித்து முடித்து, பதிவேட்டை மூடி, நினைவு வந்தவராகத் திறந்து அவள் பெயரைக் கூப்பிடுகிறார். "அப்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பேனா விழுந்ததுபோலக் குனிந்துகொள்வேன்" என்கிறாள். நீங்கள் தேடிப்போனது இதுதான்! ஆனால் அடுத்த கேள்வி: "இது உன் தன்னம்பிக்கையைப் பாதித்ததா?" அவள் "ஆமாம்" என்றாள். பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

குனிந்தபோது என்ன கேட்டது, பக்கத்தில் இருந்தவள் என்ன செய்தாள், எத்தனை நாள் இப்படி நடந்தது, எப்போது நின்றது என்று கேட்டிருக்க வேண்டும். அவளிடம் திரும்பப் போங்கள். இத்தகைய ஆய்வில் இரண்டாவது சந்திப்பு வழக்கமானதுதான். 6 ஆசிரியர்களிடமும் போங்கள்: புதிதாகச் சேர்ந்த பெயர்களைப் பதிவேட்டில் எப்படி எழுதுகிறீர்கள், எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பதிவேட்டை மூடித் திறப்பது அவர்களில் யாருக்கும் நினைவிலேயே இல்லாமல் போகலாம். அப்படியானால் மாணவர் அனுபவமும் ஆசிரியர் அனுபவமும் சந்திக்கும் இடம் அதுவே. அங்கிருந்து ஓர் அத்தியாயம் எழுதலாம். தொடக்கப்பள்ளி வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்த அமெரிக்கக் கல்வியியலாளர் ஃபிலிப் ஜாக்ஸன், காத்திருப்பது, பலர் முன்னிலையில் மதிப்பிடப்படுவது போன்ற அன்றாட விஷயங்களிலிருந்துதான் மறைமுகப் பாடத்திட்டம் (பாடநூலில் இல்லாமலே பள்ளி கற்றுக்கொடுப்பவை) என்ற கருத்தை 1968இல் முன்வைத்தார்.

இனி அந்தப் பேராசிரியருக்கு. இங்கிலாந்தில் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் ஏன் தொழிலாளர்களாகவே ஆகிறார்கள் என்பதைப் பற்றிச் சமூகவியலாளர் பால் வில்லிஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வு, 12 பையன்களை மையமாகக் கொண்டது. பள்ளியை அவர்கள் எதிர்த்த விதமே அவர்களைத் தொழிற்சாலைக்கு இட்டுச்சென்றது என்று காட்டியது. அதன்மேல் கடுமையான விமர்சனங்கள் உண்டு: பெண்பிள்ளைகள் எங்கே, அடங்கி நடந்த பையன்கள் எங்கே என்று. அவை நியாயமான கேள்விகள். உங்களிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும்: மீண்டும் படிக்க வராமல் பள்ளியை விட்டே போனவர்கள் உங்கள் 14 பேரில் இல்லையே, ஏன்? இதற்குப் பதில் தயார் செய்யுங்கள்.

நேர்காணல் எண்ணிக்கைக்கு ஆதாரம் கேட்டால், மேற்கு ஆப்பிரிக்காவின் இரு நாடுகளில் 60 பெண்களின் நேர்காணல்களைப் பகுத்த 2006ஆம் ஆண்டு ஆய்வைச் சொல்வார்கள். பெரும்பாலான கருப்பொருள்கள் முதல் 12 நேர்காணல்களிலேயே வந்துவிட்டன என்றது அது. ஆனால் ஒரேமாதிரியான குழு, குறுகிய கேள்வி என்ற நிபந்தனை அதற்கு உண்டு. அதன் பின்னால் ஒளியாதீர்கள். ஆய்வுமுறை பற்றி எழுதிய இவோனா லிங்கனும் ஈகான் கூபாவும் 1985இல் சொன்னது உங்களுக்கு இன்னும் பொருந்தும்: சூழலைப் போதுமான விரிவோடு எழுதுவது ஆய்வாளர் பொறுப்பு, அது தன் பள்ளிக்குப் பொருந்துமா என்று முடிவு செய்யவேண்டியவர் வாசிப்பவர்.

அந்த ஆசிரியர் நீக்கச் சொன்ன பகுதியை நீக்கிவிடுங்கள். ஒலிப்பதிவிலிருந்தும்தான். ஒப்புதல் என்பது கையெழுத்தோடு முடிவதில்லை. பங்கேற்பவர் பின்வாங்கும் உரிமையும் அதற்குள் அடக்கம். பெயரை மாற்றிவிட்டால் போதாதா என்று நினைப்பீர்கள். அந்தப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு அவர் ஒருவர்தான் என்றால், தலைமையாசிரியருக்கு அடையாளம் தெரிய ஒரு வரி போதும். அவர் வேலை செய்யவேண்டியது அங்கேதான். அவர் சொன்னதை மனதில் வைத்து மற்ற ஐவரிடமும் துருவவும் வேண்டாம். அவர்கள் தாமாகவே முன்பு சொல்லியிருந்தால், அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் சொன்னதாகவே வரட்டும். இல்லையென்றால் ஆய்வேடு அது இல்லாமலே போகட்டும்.