ஆர்.சி. விமான கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை காலை என்ன நடக்கும்?

கேள்வி: என் 13 வயது மகன் ரேடியோ கன்ட்ரோல் விமானம் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறான். ஊருக்குப் பக்கத்தில் இதற்கென்று ஒரு கிளப் இருக்கிறது. அங்கே என்னதான் செய்வார்கள்? விமானத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது.

நான் தனியாகத்தான் ஆரம்பித்தேன். 2015-இல் ஒரு ஃபோம் விமானம் வாங்கினேன். புதியவர்களுக்கு ஏற்றது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஊரில் ஒரு பள்ளி மைதானத்துக்கு எடுத்துப் போய்க் கையால் வீசினேன். இடது பக்கம் சாய்ந்தது. கையில் இருந்த ட்ரான்ஸ்மிட்டரில் ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினேன், இன்னும் இடது பக்கமே சாய்ந்தது. பயத்தில் முழுக்கத் தள்ளினேன். மூக்கு மண்ணில், இறக்கை இரண்டு துண்டு. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. பல மாதம் கழித்துத்தான் காரணம் புரிந்தது: ஏலிரான் சர்வோ, அதாவது இறக்கையின் பின் விளிம்பில் இருக்கிற மடலை அசைக்கிற குட்டி மோட்டார், தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்தது. ட்ரான்ஸ்மிட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் சரியாகிவிடுகிற விஷயம். வீசுவதற்கு முன் அனுபவம் உள்ள ஒருவர் அந்த இறக்கையை ஒரு முறை பார்த்திருந்தால் போதும். பார்க்க ஆள் இல்லை.

அந்த உடைந்த விமானத்தோடுதான் இப்போது இருக்கிற குழுவுக்குப் போய்ச் சேர்ந்தேன். நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். பறக்கவிடுவது பொள்ளாச்சிப் பக்கம், அறுவடை முடிந்து சும்மா கிடக்கிற ஒரு தோட்டத்தில். தோட்டக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர். ஏன் அவ்வளவு தூரம் என்று எல்லோரும் கேட்பார்கள். நகரத்துக்குக் கிழக்கே பீளமேட்டில் விமான நிலையம், அதைத் தாண்டினால் சூலூரில் விமானப்படைத் தளம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் எங்கள் விமானங்களும் அடங்கும். பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பறக்கிற, 25 கிலோவுக்கு மேற்படாத விமானத்தை அவை ‘மாடல்’ என்று தனியாகவே வகைப்படுத்துகின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி வரைக்கும், விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைக்கும்தான் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். அதற்கும் உள்ளே போனால் அனுமதி வாங்க வேண்டிய மஞ்சள், சிவப்பு மண்டலங்கள். புது இடம் என்றால், இந்த மண்டலங்களைக் காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எங்கள் குழுவில் யாரும் பெட்டியைத் திறப்பதில்லை. உங்கள் ஊர் கிளப்பிலும் இதை முதலில் கேளுங்கள். இடம் எந்த மண்டலம் என்று சட்டென்று பதில் சொல்கிற கிளப் நல்ல கிளப்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு வந்து சேர்வோம். வெளிச்சம் வருகிற நேரத்தில் முதல் வேலை ஓடுபாதையில் நடப்பது. 80 மீட்டர் நீளத்துக்குப் புல்லை வெட்டி மட்டம் செய்து வைத்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டடி இடைவெளி விட்டு வரிசையாக நடந்து கல், தேங்காய் மட்டை, நெருஞ்சி எல்லாவற்றையும் பொறுக்குவோம். சக்கரம் ஒரு கல்லில் தட்டினால் போதும், புரொப்பல்லர் உடைந்து அன்றைய காலை முடிந்துவிடும். ஆடு ஓட்டி வருகிற அம்மா எந்தப் பக்கம் மேய்க்கப் போகிறார் என்று கேட்டுக்கொள்வோம். அன்று அந்தப் பக்கம் பறக்க மாட்டோம்.

பிறகு மேஜை. எங்கள் குழுவில் ஒருவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். லேத் பட்டறை வைத்திருந்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். அவர் பார்க்காமல் எந்தப் புதிய விமானமும் மேலே போகாது. இறக்கையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கீல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பார். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கி, எடை எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் நிற்க வேண்டும். இறக்கை 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் ஐந்திலிருந்து ஆறரை சென்டிமீட்டருக்குள். மூக்கு கொஞ்சம் கனத்தால் சமாளிக்கலாம். வால் கனத்தால் தேர்ந்த கையாலும் முடியாது. அதற்காக பேட்டரியை ஒரு விரல் அளவு முன்னே தள்ளச் சொல்வார். அந்த ஒரு விரல்தான் பல விமானங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

கடைசியாக விமானத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, “ஸ்டிக்க வலது பக்கம் தள்ளுங்க” என்பார். வலது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும். எழுந்தால்தான் அடுத்த வேலை. முதல் நாள் என் விமானத்தை ஒட்டி எடுத்துப் போனபோது அந்த மடல் கீழே இறங்கியது. ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை எனக்கு.

அதன்பின் தூரச் சோதனை. ட்ரான்ஸ்மிட்டரைக் குறைந்த திறனில் வைத்து முப்பது தப்படி நடந்து, அங்கிருந்தும் மடல்கள் சொன்னபடி அசைகின்றனவா என்று பார்ப்பது. ஒருவர் விமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, ட்ரான்ஸ்மிட்டரை அணைத்து, மோட்டார் தானாக நிற்கிறதா என்றும் பார்ப்போம். சிக்னல் போன விமானம் முழு வேகத்தில் எங்காவது போய்விடக் கூடாது.

இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் ஒரே நேரத்தில் பலர் பறக்கவிடலாம், ஒருவர் சிக்னல் இன்னொருவர் சிக்னலோடு மோதாது. முன்பு அப்படி இல்லை. ஒவ்வொரு ரேடியோவுக்கும் அலைவரிசையைத் தீர்மானிக்கிற ஒரு கிரிஸ்டல், ஒரு சேனல். ஒருவர் பறக்கவிடும்போது அதே சேனலில் இன்னொருவர் சும்மா ஆன் செய்தாலே மேலே இருக்கிற விமானம் விழுந்துவிடும். அதனால் ஒரு பலகையில் சேனல் எண் எழுதிய துணி கிளிப்புகளை மாட்டி வைத்திருப்பார்களாம். கிளிப் கையில் இருக்கிறவர் மட்டும்தான் ரேடியோவை ஆன் செய்யலாம். வாத்தியார் இன்றும் பழைய கிளிப் ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

உங்கள் மகனுக்கு முக்கியமானது இனி வருகிறது. எங்கள் குழுவில் யாரும் முதல் நாளே தனியாக ஓட்டுவதில்லை. இரண்டு ட்ரான்ஸ்மிட்டரை ஒரு கேபிளில் இணைத்திருப்போம். பட்டி பாக்ஸ் என்போம். மாணவர் கையில் ஒன்று, வாத்தியார் கையில் ஒன்று. அவர் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும் வரை விமானம் மாணவர் சொல்படி போகும். சுவிட்சை விட்டால் அந்தக் கணமே அவர் கைக்கு வந்துவிடும். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் பிரேக் இருக்குமே, அதே மாதிரி. முதல் மூன்று நான்கு வாரம் உயரத்தில் நேராகப் போகவும் திரும்பவும் மட்டும். பிறகு எட்டு போடுவது. கடைசியாகத்தான் இறக்குவது.

எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அதன் வலது நமக்கு இடது. மூளை இதை யோசித்து முடிப்பதற்குள் விமானம் தரைக்கு வந்துவிடும். வாத்தியார் இதற்கு எனக்குச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “யோசிக்காதீங்க கண்ணு. வாழ சாஞ்சா எந்தப் பக்கம் முட்டுக் குடுப்பீங்க? சாயற பக்கம்தானே? எந்த ரெக்க கீழ எறங்குதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்க வெச்சு முட்டுக் குடுங்க.” அவ்வளவுதான். நம்மை நோக்கி வருகிற விமானத்தில் எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் மட்டமாகிவிடும். நான் எத்தனையோ வீடியோ பார்த்தும் ஏறாத விஷயம், வாழைத்தோட்டம் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒரு வரியில் ஏறிவிட்டது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் அதுதான் பெரிய பாடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி ஆடியில் எங்களை நிற்கவிடாது. அந்த மாதங்களில் விடிந்து ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. எங்கள் இடத்துக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. காற்றை எதிர்த்துத்தான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அதனால் தோப்பைப் பார்த்தே ஓடி, தோப்புக்கு முன்னால் திருப்புவோம். அந்த இடத்தில் மட்டும் விமானங்கள் காரணம் இல்லாமல் சட்டென்று கீழே இறங்கின. மோட்டார் சிறியது, பேட்டரி பழையது என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் என் விமானம் ஏறிப்போன வேகத்தில் அமுங்கி ஒரு தென்னையின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

மரம் ஏறுகிற அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்தோம். பேட்டரியை எப்படிக் கழற்றுவது, புரொப்பல்லர் பக்கம் ஏன் கை வைக்கக் கூடாது என்று கீழேயே காட்டிவிட்டுத்தான் ஏற்றினோம். விமானத்தைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு அவரும் இறங்கி வந்து சொன்னார்: “ஏனுங் சார், காத்து தோப்பு மேல ஏறித்தான் வருது. தாண்டுன ஒடனே பொத்துனு கீழ எறங்குதுங்க. நா உச்சில நிக்கறப்ப இந்தப் பக்கத்து மட்ட எல்லாம் அமுங்கி ஆடும், அந்தப் பக்கத்து மட்ட தூக்கி ஆடும். நீங்க அமுங்கற பக்கமே கொண்டாந்து ஏத்தறீங்க.”

அதில் ஒரு சொல்லும் தவறில்லை. மர வரிசையைத் தாண்டிய காற்று அதன் மறுபக்கம் சுழித்துக் கீழே இறங்கும். மர உயரத்தைப் போல் பல மடங்கு தூரத்துக்கு அந்தச் சுழிப்பு இருக்கும். எங்களில் இரண்டு பேர் ஏரோநாட்டிக்கல் படித்தவர்கள், அவர்களுக்கும் ஏட்டில் தெரிந்த விஷயம்தான். ஆனால் தினமும் அந்தக் காற்றில் நின்று வேலை செய்தவர் சொன்ன பிறகுதான் ஓடுபாதையைக் கிழக்கே 100 தப்படி தள்ளிப் போட்டோம். அதற்குப் பிறகு தோப்பில் விமானம் எதுவும் மாட்டவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது அந்த அண்ணன் சொன்னதைச் சொல்லித்தான் காற்றுப் பாடம் ஆரம்பிக்கிறோம்.

எட்டரை மணிக்கு மேல் வெயில் ஏறினால் உழுத நிலத்திலிருந்து வெப்பக்காற்று எழும். அப்போது கிளைடர்காரர்களின் நேரம். அவர்கள் கருவியைப் பார்ப்பதைவிடப் பருந்தைப் பார்ப்பார்கள். பருந்து இறக்கை அசைக்காமல் வட்டமடிக்கிற இடத்துக்குக் கிளைடரைக் கொண்டுபோனால் மோட்டார் இல்லாமலே இருபது நிமிடம் நிற்கும். சாதாரண மோட்டார் விமானம் ஒரு பேட்டரிக்கு எட்டு, பத்து நிமிடம்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு விளையாட்டுப் போட்டி. சுண்ணாம்பில் போட்ட வட்டத்துக்குள் இறக்குவது, இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய ரிப்பனுக்குக் கீழே பறப்பது, பலூன் உடைப்பது. பள்ளிகள் கூப்பிட்டால் போய்க் காட்டுவோம். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு ஏரோமாடலிங்கில் போட்டியே உண்டு, அதற்குத் தயாராகிற பிள்ளைகள் சிலர் வந்து கற்றுக்கொள்வார்கள்.

மழைக்காலத்து மதியங்களில் வாத்தியார் வீட்டுப் பட்டறையில் கூடுவோம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தெர்மாகோலில் ஃபெவிக்விக் பட்டால் கரைந்துவிடும், அதற்கு வேறு பசை வேண்டும் என்பதில் தொடங்கி, சன்பேக் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டை மடித்து இறக்கை செய்வது, பால்சா என்கிற லேசான மரத்தில் இறக்கைக்கு உள்ளே வருகிற விலா எலும்பு வெட்டுவது வரை அங்கேதான் கற்றேன். ஒருநாள் அங்கே அட்லாண்டிக் கடந்த மாடல் விமானத்தைப் பற்றி வாத்தியார் சொன்னார். அமெரிக்காவின் மேனார்ட் ஹில், அப்போது 77 வயது, கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் சரியாகக் கேட்காது. நண்பர்களோடு சேர்ந்து ஐந்து கிலோவுக்கும் குறைந்த ஒரு பால்சா விமானம் கட்டினார். முன்பு அனுப்பியவை கரை சேரவில்லை. 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பியது 38 மணி 52 நிமிடம் பறந்து, 3,000 கிலோமீட்டர் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. நடுக்கடலில் ஜி.பி.எஸ். பார்த்துத் தானே போனது. கரைக்கு வந்ததும் அங்கே காத்திருந்தவர்கள் ட்ரான்ஸ்மிட்டரில் ஓட்டி இறக்கினார்கள். இந்தக் கதையைக் கேட்ட அன்று ஒரு பத்தாம் வகுப்புப் பையன் இரவு வரை வீட்டுக்குப் போகாமல் விலா எலும்பு வெட்டிக்கொண்டிருந்தான்.

பேட்டரியைப் பற்றி, பெற்றோர் என்பதால் உங்களிடம் தனியாகச் சொல்கிறேன். இந்த விமானங்களில் போடுகிற லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பொம்மைப் பேட்டரி இல்லை. தப்பாக சார்ஜ் செய்தாலோ, அடிபட்டாலோ தீப்பிடிக்கும். ஆள் இல்லாத அறையில், கட்டிலில், இரவில் தூங்கப் போகும்போது சார்ஜ் போடவே கூடாது. உப்பியதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பறக்காத வாரங்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். எங்கள் குழுவில் சிறுவர்கள் பேட்டரியை இணைக்கும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்பார், முதலில் ட்ரான்ஸ்மிட்டர், பிறகுதான் விமானம். அணைக்கும்போது விமானம் முதலில். இதை மறந்தால் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அன்று பறக்க விடமாட்டோம்.

செலவு: எனக்கு ஆறு சேனல் ட்ரான்ஸ்மிட்டர், மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற 30 ஆம்பியர் இ.எஸ்.சி., நான்கு சர்வோ, 2200 எம்.ஏ.எச். பேட்டரி, சார்ஜர், ஃபோம் ஷீட் எல்லாம் சேர்த்து அப்போது 12,000 ரூபாய்க்குள் முடிந்தது. விமானத்தின் உடல் உடையும், மலிவாகத் திரும்பச் செய்துகொள்ளலாம். உள்ளே இருக்கிறவை பல வருடம் வரும். என்னுடைய ட்ரான்ஸ்மிட்டர் இன்றும் அதேதான்.

ஆனால் இப்போதே எதையும் வாங்காதீர்கள். மூன்று ஞாயிறு சும்மா கூட்டிப் போங்கள். தொப்பி, கூலிங் கிளாஸ், இரண்டு லிட்டர் தண்ணீர், முள் ஏறாத ஷூ. கல் பொறுக்குகிற வரிசையில் அவனை நிறுத்துங்கள். மூன்றாவது ஞாயிறும் அலாரம் அடிப்பதற்கு முன் அவனே எழுந்து உங்களை எழுப்பினால், அன்று கிளப்பில் கேட்டு அவர்கள் பட்டி பாக்ஸோடு ஒத்துப்போகிற ட்ரான்ஸ்மிட்டரை முதலில் வாங்குங்கள். விமானத்தை அவர்கள் பட்டறையில் அவனே செய்யட்டும்.